கரண்டைத் தின்றவள்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மலையூரான கோக்ஜாரில் மின்சாரம் முறை வைத்து வந்தது. அணையில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார்கள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் ஊர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. விழா நோட்டு வந்து இறங்கியதும் அந்தச் சமயத்தில்தான்.

எங்கள் நாட்டு நாணயமான சோம் பிறந்த ஆண்டு விழாவுக்காக வெளிநாட்டில் அச்சடித்து வரவழைத்த நோட்டு. தொட்டால் வழவழவென்றிருக்கும். சாய்த்துப் பிடித்தால் மலைமேல் வெள்ளிக்கோடு ஓடும். பின்பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு இளம்பெண் நிற்பாள். தலையில் வெள்ளைத் துணி, கையில் வாளி. இந்த நோட்டுக்கு ஆன செலவு சாதாரண நோட்டைவிடப் பல மடங்கு என்று டிவியில் ஒருவர் கொதித்தார். வங்கிக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, இதைச் செலவாகப் பார்க்கக் கூடாது, இது நாட்டின் பெருமை என்று ஆரம்பித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது. பெருமையைப் பற்றி மேற்கொண்டு என்ன சொன்னாரோ, எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் சந்தையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கரண்டைத் தின்றவள். நோட்டு அடித்த காசில் மாவட்டத்துக்கே டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருக்கலாம் என்று ஆண்கள் பேசினார்கள். அவளை வீட்டுக்குள் வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று பெண்கள் பேசினார்கள். பாதி விளையாட்டு, பாதி பயம். யார் கைக்கு வந்தாலும் இருட்டுவதற்குள் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். சிலர் அவளுக்கு மீசை வரைந்தார்கள். சிலர் கெட்ட வார்த்தை எழுதினார்கள். ஒருவன் கண் இரண்டையும் ஊசியால் குத்தி எடுத்திருந்தான். அந்த நோட்டை வாங்கியவர்கள் அவசரமாக மடித்துக்கொண்டார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சம்சா சுட்டு விற்கிற பூருலிடம்தான் இந்த நோட்டுகள் அதிகம் வந்து சேர்ந்தன. மண் அடுப்பின் உட்சுவரில் இறைச்சிப் பொதிகளை ஒட்டிச் சுட்டு எடுப்பாள். ஐம்பதைத் தாண்டியவள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் அப்பா அசன்குல்லும் மட்டும். விறகு அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் அந்தக் குளிர்காலத்தில் ஊரில் சூடாக இருந்த ஒரே இடம் அவள் கடைதான். வாங்காதவர்களும் வந்து நின்றார்கள்.

வாடகைக் கார் ஓட்டும் மெலிஸ் தினமும் வருவான். வாயை மூடத் தெரியாதவன். ஒரு நாள் காலை விழா நோட்டை நீட்டியவன், கையைப் பின்னுக்கு இழுத்து, நோட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பூருல் அக்கா, நீங்க எப்ப நோட்டுல ஏறுனீங்க? சொல்லவே இல்ல!"

"காசக் கொடுத்துட்டுப் போடா. கூட்டம் நிக்குது."

"சத்தியமா அக்கா. அந்தப் புருவத்தப் பாருங்க, நடுவுல பிளந்து கிடக்கு. உங்களுக்கும் அப்படித்தானே? ஊர்க் கரண்டெல்லாம் எங்க போகுதுன்னு இப்பல்ல தெரியுது!"

கூட்டம் சிரித்தது. பூருலும் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிப் பார்த்தாள். அதற்கு முன்பும் எத்தனையோ முறை அந்த நோட்டு அவள் கையில் வந்து போயிருக்கிறது. மற்றவர்களைப் போல அவளும் அதை முகம் பார்க்காமல்தான் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது பார்த்தாள். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. மேலுதடு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. கண்ணாடியில் முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் பார்த்த முகம். அடுப்பில் சம்சா கருகும் வாசனை வந்த பிறகுதான் அவளுக்குச் சுரணை வந்தது.

பூருலுக்குத் தன் அம்மாவின் முகம் தெரியாது. உம்சுனாய் என்ற பெயர் மட்டும் தெரியும். நடை பழகிய வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர்களுடைய பழைய ஊர் அணைக்குள் மூழ்கியது. கல்லறையும் அதோடு போய்விட்டது என்றும் சொல்லியிருந்தார். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் அவள் கேட்டபோதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அன்று மதியமே கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அசன்குல் ஜன்னலோரம் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளியே போகாத நாளிலும் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். அவள் நோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இது யாருன்னு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். தேநீர்க் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"யாரோ."

"அம்மா மாதிரி இல்ல?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கப்பா."

"அதான் இல்லன்னு சொல்லிட்டேன்ல. உங்க அம்மா வேற மாதிரி இருப்பா." நோட்டைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஏதோ அடியிலிருந்து எழுந்து வந்துவிடும் என்பதைப் போல. பூருல் வெகுநேரம் நின்று பார்த்தாள். அவர் கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு அவருடைய போக்கு மாறியது. காலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். கடை கடையாக ஏறி, விழா நோட்டு இருந்தால் கொடுங்கள், வேறு நோட்டு தருகிறேன் என்று கேட்பார். ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. சனியனை ஒருவர் தானே வந்து வாங்கிப் போகிறாரே என்று அள்ளிக் கொடுத்தார்கள். மெலிஸ் வந்து சொல்லித்தான் பூருலுக்கே தெரிந்தது.

"அக்கா, உங்கப்பா ஓய்வூதியம் மொத்தத்தையும் அவ மேல இறக்கிட்டாரு. அந்தக் கண்ணக் குத்துன நோட்டு இருந்துச்சே, அதத் தேடி ரெண்டு தெரு அலைஞ்சிருக்காரு. கைல வாங்குனதும் அந்த ஓட்டைய விரலால மூடிக்கிட்டே நடந்து போறாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் அவள் கேட்டால் அவர் பேச்சை மாற்றினார். சாப்பாடு குறைந்துபோனது. கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் மெழுகுவத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூருலுக்கும் வீடு மாறிப்போனதாகப் பட்டது. வாளியில் தண்ணீர் மொண்டு உள்ளே வரும்போது, தனக்கு முன்னால் யாரோ இதே போல வாளியோடு வாசலைக் கடந்துவிட்டதாகத் தோன்றும். அந்த யாரோ அவளைவிடச் சின்னவள். மகள் வயதுப் பெண். அம்மா என்று கூப்பிட நாக்கு எழாது. பேர் சொல்லிக் கூப்பிடவும் துணிவு வராது.

ஒரு நாள் சந்தை முனையில் இளைஞர்கள் சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க மக்களே, கரண்டத் தின்னவளுக்கு நான் இன்னைக்கு நெருப்பு ஊட்டுறேன்" என்று சொல்லி, சிகரெட் நுனியை அந்தப் பெண்ணின் வாயில் வைத்தான். அந்த வழியாக வந்த அசன்குல் கைத்தடியை ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தார். அடுத்த அடி தோளில். அதற்கும் அடுத்தது எங்கே விழுந்திருக்குமோ, நல்லவேளையாக நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. வங்கியின் கூலியாள் என்றார்கள். நோட்டுப் பைத்தியம் என்றார்கள். இந்த வயதில் இவ்வளவு விசுவாசமா என்று கேலி செய்தார்கள்.

பூருல் காவல் நிலையத்துக்கு ஓடினாள். அதிகாரி நல்ல மனிதர், அவள் கடையில் சாப்பிடுகிறவர்.

"என்ன பெரியவரே இது? நோட்டக் கிழிச்சா, எரிச்சா, அதக் கேக்க நாங்க இருக்கோம். நீங்க எதுக்குக் கை வெக்கிறீங்க? நோட்டு உங்களோடதா?"

"நோட்டு என்னோடது இல்ல," என்றார் அசன்குல். "அவ என் பொண்டாட்டி."

அடிபட்ட இளைஞன் மணிக்கட்டைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து, "எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பூருல் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அந்தச் சொல்லும் எப்படியோ தலைநகரம் போய்விட்டது. வாரம் திரும்புவதற்குள் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் நூர்பூபூ. மக்களிடம் பேசுவதற்காகவே சம்பளம் வாங்குபவள். நகரத்துக் காலணியோடு எங்கள் ஊர்ப் பனியில் வழுக்கி வழுக்கித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அருங்காட்சியகத்துல இருந்த பழைய படத்தப் பாத்துத்தான் எங்க ஓவியர் வரஞ்சாரு. 'ஆற்றங்கரையில் பெண்' அப்படின்னு மட்டும்தான் அதுல போட்டிருந்துச்சு. பேர் இல்ல, ஊர் இல்ல. யார்கிட்டப் போய்க் கேக்குறது சொல்லுங்க?"

"சரி. இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"நீங்க டிவியில வந்து ரெண்டு வார்த்த பேசணும். அவ்வளவுதான். இது என் அம்மா, இந்த நாட்டுல ஒரு சாதாரணப் பொண்ணுன்னு. ஜனங்க இளகிடுவாங்க. இப்ப பாருங்க, எவ்வளவு கேவலமா எழுதுறாங்க. கடைக்காரங்க வாங்க மாட்டேங்குறாங்க. இப்படியே போனா அத்தனையும் திரும்ப எடுத்து அரைச்சுத் தூளாக்கணும். அதுக்கும் செலவு. அதுக்கும் திட்டுவாங்க."

பூருலுக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு தடவை பேசிவிட்டால் மீசை வரைவது நிற்கும். கண்ணைக் குத்துவது நிற்கும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நூர்பூபூ பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதான் முழுப் படம். உங்களுக்குன்னே பிரதி எடுத்துட்டு வந்தேன். நீங்க பேசினாலும் பேசாட்டியும் இது உங்களுக்குத்தான்."

நோட்டில் பெண் மட்டும்தான் இருந்தாள். படத்தில் அவளுக்கு இடது பக்கம், நோட்டுக்காக வெட்டி எறிந்த ஓரத்தில், ஒரு இளைஞன் நின்றான். வெள்ளைத் தொப்பி. தோள்மேல் ஒரு குழந்தை, அவன் காதைப் பிடித்துக்கொண்டு. அவனுடைய ஒரு கை உயர்ந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா சிரித்து அவள் பார்த்த முதல் முறை அதுதான்.

"அப்பா, இது நீங்க. இது நான்." பூருல் விரலால் தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்குக் கை காட்டுறீங்க."

அசன்குல் படத்தைப் பார்த்தார். இந்த முறை கவிழ்க்கவில்லை.

"கை காட்டல. பின்னால போன்னு சொன்னேன்."

அவராகவே சொன்னார். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊரக் காலி பண்ணிக்கிட்டிருந்தோம். அணைக் கதவ மூடப் போறாங்க. தலைநகரத்துலருந்து ஒரு படக்காரன் வந்தான். ஆத்துல தண்ணி மொண்டுக்கிட்டிருந்தவள நிக்கச் சொன்னான். கரையோரம் ஐஸ் கட்டியிருந்துச்சு. மலை படத்துல முழுசா விழல, இன்னும் கொஞ்சம் பின்னால போகச் சொல்லுங்கன்னு என்கிட்டச் சொன்னான். அவளுக்குக் கூச்சம். போதுங்க, போலாங்கன்னா. நான்தான், அட போடி, நல்லா இருக்கும், இன்னும் ரெண்டு எட்டு வையின்னேன்." நிறுத்தினார். "படத்த எடுத்தான். எடுத்து முடிச்சதும் அவ சிரிச்சா. ஐஸ் உடைஞ்சிடுச்சு."

நூர்பூபூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தேடினோம். ஐஸ உடைச்சு உடைச்சுத் தேடினோம். கிடைக்கல. அப்புறம் கதவ மூடிட்டாங்க, தண்ணி ஏறிடுச்சு. காய்ச்சல்னு உன்கிட்டச் சொன்னேன். கல்லறையே கிடையாதுன்னு ஒரு குழந்தைகிட்ட எப்படிச் சொல்றது? படத்த அனுப்புறேன்னு போனவன் அனுப்பவே இல்ல. அனுப்பாம இருந்ததே நல்லதுன்னு இருந்தேன். இப்ப எங்க பாத்தாலும் அவ. கடையில, பஸ்ஸுல, குடிகாரன் கையில. எல்லாருக்கும் அவ சும்மா நிக்கிறா. எனக்கு மட்டும்தான் தெரியும், அடுத்த நிமிஷம் உள்ள போகப் போறா. ஒவ்வொரு நோட்டுலயும் போகப் போறா. நான் எத்தன பேர்கிட்டருந்துதான் வாங்கி வெக்கிறது?"

வெளியே பனி சரிந்து கூரையிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை வருடமாக அந்தச் சத்தத்துக்கு அவர் அப்படித் திரும்புவதை பூருல் பார்த்திருக்கிறாள். ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

"நான் வர மாட்டேன்," என்றாள் நூர்பூபூவிடம். "ஒரு தடவ யாரோ கேட்டாங்கன்னு அவ நின்னா. மறுபடியும் அவளக் கொண்டுபோய் நிக்க வெக்க என்னால முடியாது. திட்டுறவங்க திட்டட்டும்."

நூர்பூபூ வற்புறுத்தவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "நான் போய் என்ன சொல்லணுமோ சொல்லிக்கிறேன் அக்கா" என்றாள். அசன்குல்லுக்குத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனாள்.

வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவில்லை. மேற்கொண்டு அடிக்கவுமில்லை. பனி உருகத் தொடங்கியபோது கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. மீசை வரைவதும் நின்றது. காவல் நிலையத்தில் நடந்ததை ஊர் அறிந்திருந்தது. அப்பா, மகள் எதிரில் யாரும் அதைப் பேசவில்லை. கரண்டைத் தின்றவள் என்ற பேச்சு மட்டும் எங்கள் ஊரில் சட்டென்று அடங்கிவிட்டது. வெளியூரில் சேகரிப்பவர்கள் அதே நோட்டைக் கூடுதல் விலைக்குத் தேடுகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பூருல் வேறொன்றை விசாரித்துக்கொண்டிருந்தாள். அணையில் தண்ணீர் இவ்வளவு இறங்கினால் பழைய ஊர் தெரியுமா என்று. தெரிகிறது என்றார்கள் மீனவர்கள். மலையில் பனி உருகித் தண்ணீர் ஏறுவதற்குள் போனால் நடந்தே போகலாம் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மெலிஸ் காரைக் கொண்டுவந்தான். பின்னால் வாணலி, எண்ணெய், பிசைந்த மாவு, சின்ன அடுப்பு எல்லாம் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவன் ரேடியோ போடவில்லை.

அணைத் தண்ணீர் ஒரு பெரிய தட்டில் மிச்சம் வைத்த கஞ்சியைப் போலத் தூரத்தில் சுருங்கிக் கிடந்தது. அதுவரை வெடித்த சேறு. வீட்டுச் சுவர்களின் அடிப்பாகம் வரிசையாகத் தெரிந்தது. மரங்கள் வேரோடு கறுத்து நின்றன. அசன்குல் தடியை ஊன்றி முன்னால் நடந்தார். யாரையும் கேட்காமல், இரண்டு சுவர்களுக்கு நடுவே திரும்பி, நேரே பழைய ஆற்றின் கரைக்குப் போய் நின்றார். ஆறு அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒல்லியாக, கலங்கலாக. மேலே இருந்த அத்தனை தண்ணீரும் போன பிறகு தன் பழைய வழிக்கே வந்திருந்தது.

பூருல் அவரைக் கடந்து ஆற்றின் விளிம்புவரை போனாள். எதிர்ப்பக்கத்து மலையைப் பார்க்கத் திரும்பினாள்.

"அங்க நிக்காத!"

அந்தக் கத்தலில் மெலிஸ் வாணலியைக் கீழே போட்டுவிட்டான். அசன்குல் தடியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இங்க ஐஸ் இல்லப்பா," என்றாள். "பாருங்க, வெறும் மண்ணுதான்."

"தெரியும். தெரியும்." கையை விடவில்லை. பிறகு குழந்தையைப் போல வாய்விட்டு அழுதார். மெலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

எண்ணெய் காய்ந்ததும் பூருல் மாவைத் தட்டிப் போட்டாள். செத்தவர்களுக்கு எட்டுவது வாசனை மட்டும்தான். அதற்காகத்தான் எங்களில் வெள்ளிக்கிழமை ரொட்டி பொரிப்பது. இத்தனை வருடமும் அவள் வீட்டு அடுப்பில் பொரித்த வாசனை எந்தத் திசையில் போக வேண்டும் என்று தெரியாமல் போயிருக்கும். அன்று காற்று ஆற்றின் மேல் வீசியது. புகை தாழ்வாக, தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனது. அசன்குல் கையை விரித்து ஓதினார். உம்சுனாயின் பெயரை உரக்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். வெகுதூரம் வந்த பிறகு, யாரும் கேட்காமலே, "அவளுக்குப் பாடவே வராது" என்றார். "ஆனா பாடுவா. மாடு கறக்கும்போது பாடுவா. மாடு எட்டி உதைக்கும்."

"அப்புறம்?" என்றாள் பூருல்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் பேச ஆரம்பித்தார். மெலிஸ் காரை மெதுவாக ஓட்டினான்.